வெறுமையான அலமாரிகளும் வாசகர்களின் வீடுகளும்: தொடக்கக் கிறித்தவக் கையெழுத்து நூல்கள் உருவானதும் வாசிக்கப்பட்டதும்

கி.பி. 303 மே 19. வட ஆப்பிரிக்காவின் நுமிதியா மாகாணத்துச் சிர்த்தா நகரம். இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன். கிறித்தவர்கள் வழிபாட்டுக்குக் கூடிவந்த ஒரு வீட்டுக்கு, நகர நிருவாகி முனாசியுஸ் ஃபெலிக்ஸ் தம் எழுத்தர்களோடும் ஏவலர்களோடும் வந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் பேரரசர் தியோக்கிளேசியன் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார்: கிறித்தவ வழிபாட்டிடங்கள் இடிக்கப்பட வேண்டும், மறைநூல்கள் எரிக்கப்பட வேண்டும். அந்த ஆணையை நிறைவேற்றவே ஃபெலிக்ஸ் வந்திருந்தார். உடன் வந்த எழுத்தர்கள் அங்கு நிகழ்ந்த உரையாடலையும் கைப்பற்றிய பொருள்களையும் ஒன்றுவிடாமல் பதிவு செய்தனர்.

பட்டியல் நீளமானது. பொற்கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, வெள்ளி விளக்குகள் 7, பெண்களுக்கான அங்கிகள் 82, ஆண்களுக்கான அங்கிகள் 16, பெண்களுக்கான காலணிகள் 47 இணை, ஆண்களுக்கானவை 13 இணை. ஏழைகளுக்கு வழங்கச் சேர்த்து வைத்தவையாக அவ்வுடைகளையும் காலணிகளையும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதன்பின் அதிகாரிகள் நூலக அறைக்குள் சென்றனர். அங்கிருந்த அலமாரிகள் வெறுமையாக இருந்தன.

நூல்கள் எங்கே என்ற கேள்வி முதலிலேயே எழுந்திருந்தது. ஆயர் பவுல் சொன்ன விடை சுருக்கமானது: மறைநூல்கள் வாசகர்களிடம் உள்ளன. 'வாசகர்' என்பது இங்கே நூல் படிக்கும் எவரையும் குறிக்கும் பொதுச்சொல் அன்று. வழிபாட்டில் மறைநூலை உரக்கப் படிக்கும் பொறுப்பேற்ற திருச்சபைப் பணியாளரைக் குறிப்பது. அவர்கள் யார் என்று கேட்டபோது, அரசு அலுவலகத்துக்கே அவர்களைத் தெரியும் என்று ஆயர் நழுவினார். துணைத் திருத்தொண்டர்கள் மிகப் பெரிய நூல் ஒன்றை மட்டும் கொணர்ந்து தந்தனர். வாசகர்களின் வீடுகளைக் காட்டுமாறு வற்புறுத்தியபோது, தாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர் என்றும் தங்களைக் கொல்ல ஆணையிடலாம் என்றும் அவர்கள் கூறியதாகப் பதிவு சொல்கிறது.

அதிகாரிகள் வீடு வீடாகச் சென்றனர். யூஜெனியுஸ் 4 நூல்களைக் கொடுத்தார். ஃபெலிக்ஸ் என்ற கைத்தொழிலாளர் 5, விக்டோரினுஸ் 8, புரொயெக்டுஸ் பெரியவை 5 சிறியவை 2. இலக்கண ஆசிரியர் விக்டர் 2 நூல்களையும், இன்னும் நூலாகக் கட்டப்படாத 4 மடிப்புத் தொகுதிகளையும் கொடுத்தார். கொத்தேயோ என்பவரின் வீட்டில் அவருடைய மனைவி 6 நூல்களைக் கொணர்ந்தார். கூட்டிப் பார்த்தால் 33 நூல்களும் 4 தொகுதிகளும். இவற்றுள் திருச்சபை கூடிய வீட்டில் கிடைத்தது ஒன்றே.

தொடக்கக் கிறித்தவ நூல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தனித்தனிப் பாப்பிரஸ் துண்டுகளிலிருந்து தொடங்குகின்றன. ஒரு நகரத்தின் திருச்சபையில் ஒரே நாளில் எத்தனை நூல்கள் இருந்தன, அவை யார் கையில் இருந்தன என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சான்றுகள் மிக அரியவை. சிர்த்தாவின் பதிவு அடிப்படையான ஒன்றை உணர்த்துகிறது. அந்நூல்களின் இயல்பான இருப்பிடம் அலமாரி அன்று. அவற்றைக் குரலாக மாற்றத் தெரிந்தவர்களின் வீடு. அவை உருவாக்கப்பட்ட முறையையும் அவற்றின் பக்கங்களில் காணும் தனித்தன்மைகளையும் இந்த உண்மையோடு இணைத்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

வடிவத்திலிருந்து தொடங்கலாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க இலக்கியம் சுருளில் வாழ்ந்தது. பாப்பிரஸ் தண்டின் உட்பகுதியை நீள்கீற்றுகளாக அரிந்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக இரண்டு அடுக்குகள் பரப்பி, அழுத்தி உலர்த்தித் தாளாக்குவர்; தாள்களை வரிசையாக ஒட்டிச் சுருளாக்குவர். அந்நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் கிரேக்க இலக்கியப் படிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை சுருள்களே. கிறித்தவ மறைநூல் படிகளோ பெரும்பாலும் கோடெக்ஸ் வடிவில், அதாவது தாள்களை மடித்து நடுவில் தைத்த நூல் வடிவில், அமைந்துள்ளன. சுருளில் கிடைக்கும் சில படிகளும் பழைய சுருளின் வெற்றுப் பின்புறத்தில் எழுதப்பட்டவையாகவே பெரிதும் உள்ளன. எபிரேயர் மடலின் ஒரு படி, உரோமை வரலாற்றாசிரியர் லிவியின் நூற்சுருக்கம் எழுதப்பட்ட சுருளின் பின்புறத்தில் உள்ளது.

அன்றைய உரோமை உலகில் மடித்துத் தைத்த ஏடு கணக்கெழுதவும் குறிப்பெடுக்கவும் பயன்பட்ட எளிய பொருள். முதல் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் மார்சியல் தம் கவிதைகளின் தோல்நூற் படிகளைப் பயணத்துக்கு ஏற்றவை எனப் பரிந்துரைத்தார். ஆயினும் கற்றோர் வழக்கம் உடனே மாறவில்லை. கிறித்தவர்கள் ஏன் இவ்வடிவத்தை இவ்வளவு விரைவாகவும் ஒருமித்தும் ஏற்றனர் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. தாளின் இருபுறமும் எழுதுவதால் செலவு குறையும். எடுத்துச் செல்வது எளிது. வேண்டிய பகுதியைத் தேடுவது எளிது. பவுலின் மடல்களை ஒரே தொகுப்பாக்க வேண்டிய தேவை இருந்தது. எந்த ஒரு விளக்கமும் தனித்து நிறைவு தரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: பெருமைக்குரிய இலக்கிய வடிவத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயத்தை அவர்கள் உணரவில்லை. கைக்கு உகந்த கருவியே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

அக்கருவியை உருவாக்குவதில் இருந்த இடர்ப்பாட்டை P46 எனக் குறிக்கப்படும் பாப்பிரஸ் நூல் நன்கு காட்டுகிறது. பவுலின் மடல்களைக் கொண்ட இந்நூல் பொதுவாகக் கி.பி. 200-ஐ ஒட்டியதாக மதிப்பிடப்படுகிறது. 52 தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஒரே மடிப்பாக மடித்து, 104 ஏடுகளாக அது அமைக்கப்பட்டது. அவற்றுள் 86 ஏடுகள் எஞ்சியுள்ளன: 56 டப்ளினின் செஸ்டர் பீட்டி நூலகத்தில், 30 மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். ஒரே மடிப்பாக அமைத்த நூலில் பின்னர் தாள் சேர்க்க முடியாது; எத்தனை தாள் தேவை என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். P46-இன் எழுத்தரின் கணக்குப் பிசகியது. நூலின் பிற்பகுதியில் பக்கத்துக்கான வரிகள் கூடுகின்றன, எழுத்துகள் நெருங்குகின்றன. இடம் போதாது என்று ஒருவர் பதறிய தருணம் 1,800 ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பக்கங்களில் தெரிகிறது.

அதே நூலில் சில மடல்களின் இறுதியில் வரிக்கணக்கு குறிக்கப்பட்டுள்ளது. எழுத்தருக்குக் கூலி கணக்கிட அன்று பயன்பட்ட அளவு அதுவே. தியோக்கிளேசியன் கி.பி. 301-இல் வெளியிட்ட விலைவரம்பு ஆணை, முதல்தர எழுத்தில் 100 வரிக்கு 25 தெனாரியும், இரண்டாம் தரத்துக்கு 20 தெனாரியும் உச்சக் கூலியாக விதித்தது. அதே ஆணையில் உழவுத் தொழிலாளியின் நாட்கூலி, உணவு நீங்கலாக, 25 தெனாரி. மத்தேயு நற்செய்தி ஏறத்தாழ 2,500 வரி அளவுடையது. ஆகவே முதல்தர எழுத்தில் அதைப் படியெடுக்கும் கூலி மட்டுமே ஓர் உழவுத் தொழிலாளியின் 25 நாள் உழைப்புக்குச் சமம். தாளும் மையும் தனி. இந்த ஆணைக்கு இரண்டாண்டுகளே பிற்பட்ட சிர்த்தா பறிமுதலில் தீக்கு ஒப்படைக்கப்பட்ட 33 நூல்களின் இழப்பை இக்கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாப் படிகளும் கூலிக்கு எழுதப்பட்டவை அல்ல. வேண்டியவர் தாமே படியெடுத்துக்கொள்வதும், நண்பரிடம் பெற்றுப் படியெடுப்பதும் பரவலான வழக்கம். போலிக்கார்ப்பின் மறைச்சாட்சி வரலாற்றின் இறுதிக் குறிப்பு அத்தகைய ஒரு சங்கிலியை விவரிக்கிறது: இரேனியுவிடம் இருந்த படியிலிருந்து காயுஸ் எழுதினார், காயுஸின் படியிலிருந்து கொரிந்துவில் சாக்ரடீஸ் எழுதினார், காலத்தால் நைந்துபோன அப்படியைத் தேடியெடுத்துப் பியோனியுஸ் எழுதினார். மூன்றாம் நூற்றாண்டில் அறிஞர் ஒரிஜனுக்கு அவருடைய புரவலர் அம்புரோஸ் ஏழுக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தர்களையும், அதற்குக் குறையாத படியெழுத்தர்களையும், அழகிய கையெழுத்தில் பயிற்சி பெற்ற இளம் பெண்களையும் அமர்த்திக் கொடுத்ததாக யுசேபியுஸ் எழுதுகிறார். அத்தகைய வசதி விதிவிலக்கு. காயுஸும் சாக்ரடீஸும் செய்ததே பொதுவழி.

கையால் படியெடுக்கும்போது பிழை நேரும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். தம் நூலைப் படியெடுப்பவர் அதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று இரேனியு தம் நூலொன்றின் இறுதியில் ஆணையிட்டு வேண்டினார். யோவான் நற்செய்தியைக் கொண்ட P66 இந்த வேண்டுகோளுக்கு ஒரு விளக்கம்போல் அமைந்துள்ளது. அதன் எழுத்தர் அழகாக எழுதினார். ஆனால் கவனமாக எழுதவில்லை. சொற்கள் விடுபட்டன, வரிகள் தாவின. நூலில் 400-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் உள்ளன; அவற்றுள் பெரும்பாலானவை அதே எழுத்தரின் கையால் ஆனவை. முதலில் பயன்படுத்திய படியோடு மட்டுமன்றி வேறொரு படியோடும் ஒப்பிட்டதற்கான தடயங்கள் உண்டு. பிழைகளை மட்டும் எண்ணினால் அலட்சியமான எழுத்தரே தெரிவார். திருத்தங்களையும் சேர்த்து எண்ணினால், பிழையோடு நூலை வெளியே விடக்கூடாது என்ற பொறுப்புணர்வும் தெரியும்.

இனிப் பக்கத்தைப் பார்க்கலாம். கிரேக்க எழுத்து சொற்களுக்கிடையே இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டது. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே பிரித்தறிய வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' இந்த இடர்ப்பாட்டைப் போகிறபோக்கில் வெளிப்படுத்துகிறது. காட்சியில் தமக்குக் காட்டப்பட்ட சிறுநூலை ஹெர்மாஸ் எழுத்தெழுத்தாகப் படியெடுக்கிறார். ஏனெனில் அசைகளைப் பிரித்தறிய அவரால் இயலவில்லை. எழுத்தைப் பார்த்து எழுதத் தெரிந்தவருக்கும் தொடரைப் பிரித்துப் படிக்க முடியாமல் போகலாம் என்பது அன்று வாசகர்கள் நம்பத்தக்கதாக இருந்தது.

அதனால்தான் முன்னரே பயின்ற வாசகர் தேவைப்பட்டார். பல கிறித்தவப் படிகளில் காணப்படும் சில கூறுகளுக்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது: சற்றுப் பெரிய எழுத்துகள், வரிக்குக் குறைந்த எழுத்துகள், நிறுத்தப் புள்ளிகள், பொருட்பகுதிகளுக்கிடையே சிறு இடைவெளிகள். P46-இல் பிற்காலக் கை ஒன்று வாசிப்புக் குறிகளைச் சேர்த்துள்ளது. இக்கூறுகள் பொதுவாசிப்புக்கு உதவ எழுந்தவை என்று பாப்பிரஸ் அறிஞர் காலின் ராபர்ட்ஸ் கருதினார். ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே விளக்கிவிட முடியாது. தனிவாசிப்புக்கும் அவை உதவும். எனினும், சொற்களைப் பிரித்துக் காட்டுவதைக் கற்றோரின் திறமைக்கே விட்டுவிடும் நேர்த்தியான இலக்கியச் சுருளோடு ஒப்பிட்டால், இப்பக்கங்கள் படிப்பவருக்கு இரங்குகின்றன.

இதற்கு நேர்மாறான இயல்புடைய கூறு ஒன்றும் அதே பக்கங்களில் உண்டு. 'கடவுள்', 'ஆண்டவர்', 'இயேசு', 'கிறித்து' ஆகிய சொற்கள் முழுமையாக எழுதப்படுவதில்லை. முதலெழுத்தையும் இறுதியெழுத்தையும், சிலபோது வேறு சில எழுத்துகளையும் மட்டும் எழுதி, மேலே ஒரு கோடு இடப்படுகிறது. இவ்வழக்கத்துக்கு 'திருப்பெயர்கள்' என்று பொருள்படும் இலத்தீன் பெயரை லுட்விக் திரௌபே 1907-இல் வழங்கினார். மிச்சமாகும் இடம் மிகச் சிறிது. ஆகவே சிக்கனம் இதன் நோக்கமாகாது. மதிப்பின் அடையாளம் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. வாசகர் உரக்கப் படிக்கும்போது சொல்லை முழுமையாகவே ஒலிப்பார். அந்தக் கோடு கேட்போர் செவிக்கு எட்டாது. நூலைக் கையில் வைத்திருப்பவரின் கண்ணுக்கு மட்டுமே அது புலப்படும்.

கேட்டவர்களோ மிகப் பலர். உரோமைப் பேரரசில் எழுத்தறிவு பெற்றோர் மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்குக் குறைவாகவே இருந்திருப்பர் என்று வில்லியம் ஹாரிஸ் 1989-இல் மதிப்பிட்டார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தின் உரோமையின் ஞாயிறு கூட்டத்தை விவரிக்கும்போது, திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர் நூல்களோ நேரம் அனுமதிக்கும் வரை வாசிக்கப்பட்டன என்கிறார். பெரும்பாலான கிறித்தவர்களுக்கு மறைநூல் என்பது இன்னொருவர் வாய்வழியே வந்து சேர்ந்த ஒலி.

அந்த இன்னொருவரைப் பற்றியும் எளிதில் முடிவு கட்டிவிட முடியாது. சிர்த்தா நிகழ்வுக்குச் சில மாதங்களுக்குப் பின், கி.பி. 304 பிப்ரவரி 5 அன்று, எகிப்தின் ஒக்சிரிங்குஸ் வட்டத்தில் கீசிஸ் என்ற ஊரின் 'முன்னாள்' திருச்சபை வாசகர் அவுரேலியுஸ் அம்மோனியுஸ் அதிகாரிகளிடம் ஒரு வாக்குமூலம் அளித்தார். அத்திருச்சபையிடம் பொன் இல்லை, வெள்ளி இல்லை, பணம் இல்லை, உடை இல்லை, கால்நடை இல்லை, அடிமைகள் இல்லை, நிலம் இல்லை. வெண்கலப் பொருள் ஒன்று மட்டும் இருந்தது, அதையும் ஒப்படைத்தாயிற்று என்று உறுதி கூறினார். நூல்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆவணத்தின் அடியில் அவுரேலியுஸ் செரெனுஸ் என்பவர் கையெழுத்திட்டுக் காரணமும் எழுதினார்: அம்மோனியுஸுக்கு எழுத்துத் தெரியாது.

எழுத்துத் தெரியாத வாசகர் எப்படி வாசித்திருப்பார்? மனப்பாடமாக ஓதியிருக்கலாம், கிரேக்கம் அறியாமல் எகிப்திய மொழியின் கோப்திய எழுத்தை மட்டும் அறிந்திருக்கலாம், மறைநூலை ஒடுக்கும் அரசின் ஆவணத்தில் தம் கை படக்கூடாது என்று மறுத்திருக்கலாம், நூல்கள் தம்மிடம் இருக்க வாய்ப்பே இல்லை என்று காட்ட விரும்பியிருக்கலாம். நான்கும் ஆய்வுலகில் பேசப்படுகின்றன. எதை ஏற்றாலும், வாசகரின் பணி நூலோடு மட்டும் முடிவதன்று என்பது புலனாகிறது. நினைவு, மொழி, துணிவு ஆகியவையும் அப்பணியில் கலந்திருந்தன.

பொதுவாசிப்புக்கு அப்பால் கைமாறிய நூல்களும் உண்டு. ஒக்சிரிங்குஸில் கிடைத்த நான்காம் நூற்றாண்டுத் துண்டுக் கடிதம் ஒன்று சில வரிகளே கொண்டது. பெயர் குறிக்கப்படாத ஒருவர், 'சகோதரி' என்று தாம் விளிக்கும் ஒரு பெண்ணிடம் எஸ்ரா நூலை இரவல் கேட்கிறார். முன்பு 'சிறிய தொடக்கநூலை'த் தாம் இரவல் தந்ததை நினைவூட்டுகிறார். அந்த நூல் இன்று யூபிலி நூல் எனப்படுவது. பெண்கள் மறைநூல்களை வைத்திருந்தனர், இரவல் பெற்றனர், கொடுத்தனர் என்பதற்கு இதைவிட இயல்பான சான்று வேண்டியதில்லை. மேலும், எவை மறைநூல் என்ற பட்டியல் பற்றி ஆயர்கள் எழுதிய அதே நூற்றாண்டில், அப்பட்டியலுக்கு வெளியே இருந்த நூலும் எவ்விதத் தயக்கமுமின்றிக் கைமாறியது.

இவ்வளவு சான்றுகள் இருந்தும், தொடக்கக் கிறித்தவப் படிகளைப் பற்றிய பொதுப்பேச்சு ஒரே கேள்வியைச் சுற்றிவருகிறது: எது மிகப் பழையது? மான்செஸ்டரின் ரைலண்ட்ஸ் நூலகத்திலுள்ள P52 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யோவான் 18-ஆம் இயலின் சில வரிகளைத் தாங்கிய, உள்ளங்கையில் அடங்கும் துண்டு அது. 1935-இல் அதை வெளியிட்ட ராபர்ட்ஸ், எழுத்தமைதியை மட்டும் கொண்டு இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்று மதிப்பிட்டார். பாடநூல்களில் அது 'கி.பி. 125' என்ற ஒற்றை எண்ணாக இறுகியது. எழுத்தமைதியால் அத்தகைய துல்லியம் கிட்டாது என்றும், இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் கருத வேண்டும் என்றும் பிரெண்ட் நோங்பிரி 2005-இல் வாதிட்டார். ஒரே பயிற்சி பெற்ற எழுத்தர் அரை நூற்றாண்டு ஒரே பாணியில் எழுதக்கூடும். காலத்தைக் குறிக்காத துண்டிலிருந்து ஆண்டைப் பிழிந்தெடுக்க முயல்வது, அத்துண்டு உண்மையில் சொல்லக்கூடியவற்றைக் கேளாமல் விடுவதாகும். அது ஒரு கோடெக்ஸின் ஏடு, இருபுறமும் எழுதப்பட்டது, யாரோ ஒருவர் படிப்பதற்காகச் செய்யப்பட்டது.

மூலபாடத்தைத் தேடுவது வீண் என்பது இதன் பொருளன்று. P66-ஐத் திருத்தியவரும் ஒருவகையில் அதையே தேடினார். ஆனால் மூலத்தை நோக்கி மட்டும் பார்க்கும் கண்ணுக்கு எழுத்தர் பிழைசெய்பவராகவும் வாசகர் இல்லாதவராகவும் ஆகிவிடுகின்றனர். அவர்கள் இல்லாதிருந்தால் மூலம் எதுவும் எஞ்சியிராது.

சிர்த்தாவின் பதிவு எஞ்சியதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒடுக்குமுறை ஓய்ந்தபின், நூல்களை ஒப்படைத்தவர்கள் 'கையளித்தவர்கள்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் இகழப்பட்டனர். துரோகிகள் என்ற பொருளும் அச்சொல்லிலேயே இருந்தது. யார் ஒப்படைத்தார், ஒப்படைத்தவர் அளித்த திருநிலைப்பாடு செல்லுமா என்ற பூசல் வட ஆப்பிரிக்கத் திருச்சபையை ஒரு நூற்றாண்டுக்கு மேல் இரண்டாகப் பிளந்தது. 314-இல் கூடிய ஆர்ல் சங்கம், வெறும் வாய்ச்சொல் போதாது, அரசுப் பதிவுகளால் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. அந்த விதியை ஒட்டியே 320-இல் ஆளுநர் செனோஃபிலுஸ் முன் நடந்த விசாரணையில் 303-ஆம் ஆண்டுப் பறிமுதல் பதிவு வாசிக்கப்பட்டது. சாட்சியாக நிறுத்தப்பட்டவர் அதே இலக்கண ஆசிரியர் விக்டர். தாம் இலத்தீன் எழுத்துக்கலையைக் கற்பிப்பவர், தம் குடி மூர் இனத்தது, பாட்டனார் படைவீரர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். ஒடுக்குமுறையின்போது தாம் மலைக்கு ஓடிவிட்டதாகக் கூறினார். பதிவோ அவர் 2 நூல்களும் 4 தொகுதிகளும் கொடுத்ததைக் காட்டியது.

கிறித்தவ நூல்களை அழிக்க வந்த அரசின் எழுத்தர்கள் எழுதிவைத்த தாளே, அந்நூல்கள் எங்கே, எவரிடம் வாழ்ந்தன என்பதற்கு இன்று எஞ்சிய தலைசிறந்த சான்று. அதில் குறிக்கப்பட்ட நூல்களுள் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. அவற்றில் எவ்வெந் நூல்கள் இருந்தன என்பதையும் எழுத்தர்கள் பதிவு செய்யவில்லை. எண்ணிக்கை மட்டும் போதுமானதாக இருந்தது. 6 நூல்களைக் கொணர்ந்து கொடுத்தவரைக் கொத்தேயோவின் மனைவி என்றே பதிவு குறிக்கிறது. இன்னும் மறைத்திருப்பாரோ என்ற ஐயத்தில் அரசு அடிமை ஒருவன் அவ்வீட்டுக்குள் சென்று துழாவினான். தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்து சொன்னான். எழுத்தர்கள் அதையும் எழுதிக்கொண்டனர். அப்பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை.